கேரட் சாப்பிட்டால் போதாதா, டாக்டர்?

கேள்வி

என் தம்பிக்கு 31 வயது. லேத் பட்டறையில் வேலை செய்கிறான். ஒரு வாரமாக ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையிலும் முழங்கையிலும் நீலத் திட்டுகள் வந்தன. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததுமே ஊர் டாக்டர் அன்று இரவே எங்களைச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். அங்கே எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு ‘ஏ.பி.எல்.’ என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த மாத்திரை ஒன்றைத் தினமும் கொடுக்கிறார்கள். கூடவே ஆர்சனிக் மருந்து டிரிப்ஸில் ஏறுகிறது. “முதல் வேலையாகப் புற்று செல்களை முதிர வைக்கப் போகிறோம், கொல்வது அப்புறம்” என்று டாக்டர் சொன்னார். நான் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள்தான். இருந்தும் எனக்கு இது விளங்கவில்லை. கெட்டுப்போன செல் எப்படித் திருந்தும்?

வைட்டமின் ஏ-தான் மருந்து என்றால் கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை, கடையில் விற்கும் வைட்டமின் மாத்திரை எல்லாம் கொடுக்கலாமே என்கிறார் பெரியம்மா. ஆர்சனிக் என்பது பாஷாணம்தானே, அதையா ஏற்றுவார்கள் என்று மாமா சண்டைக்கு வருகிறார். மருந்து தொடங்கிய எட்டாம் நாள் வெள்ளணு எண்ணிக்கை குறைவதற்குப் பதிலாக மூன்று மடங்கு ஏறிவிட்டது. எங்களுக்குத் தூக்கமே போய்விட்டது. தம்பி மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. பிறக்கிற குழந்தைக்கும் இது வருமா? தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்



அவசரமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரட்டும் முருங்கைக்கீரையும் அந்த மாத்திரையின் வேலையைச் செய்யாது. கடையில் விற்கும் வைட்டமின் ஏ மாத்திரையைத் தப்பித்தவறியும் கொடுத்துவிடாதீர்கள். இந்த மருந்து தொடங்கியதும் வெள்ளணு ஏறுவது மருத்துவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்று. ஆனால் அந்த நாட்களில் கண்காணிப்பு தளரக் கூடாது. குழந்தைக்கு இந்த நோய் போகாது. உங்கள் தம்பிக்கு வந்திருப்பது, திடீரெனத் தாக்கும் ரத்தப் புற்றுநோய்களில் மிக நன்றாகக் குணமாகிற வகை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இனி, உங்கள் டாக்டர் சொன்ன வாக்கியத்துக்கு வருவோம். அது ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, மருத்துவ உண்மை. அதைப் புரிந்துகொண்டால் பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள் இவை. ரத்தத்துக்கு வந்தபின் அதிக காலம் வாழாதவை, அதனால்தான் இத்தனை உற்பத்தி. ஒவ்வொன்றும் பல கட்டங்களைத் தாண்டித்தான் உருவாகிறது. மயலோபிளாஸ்ட், அடுத்து புரோமயலோசைட், அடுத்து மயலோசைட். இந்த மூன்று கட்டங்களிலும் செல் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். அதற்கு மேல் பெருகுவது நின்றுவிடும், முதிர்ச்சி மட்டுமே நடக்கும்.

சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். புரோமயலோசைட் பெரிய செல். உட்கரு உருண்டையாக, செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிலும் செவ்வூதா நிறத் துகள்கள். முதிர்ந்த நியூட்ரோஃபில் அளவில் சிறியது. அதன் உட்கரு மூன்று நான்கு மடல்களாகி, மெல்லிய இழைகளால் கோத்ததுபோல் இருக்கும். உங்கள் தம்பியின் மஜ்ஜையில் முதிர்ந்தவை அநேகமாக இல்லாமல்போய், எங்கு பார்த்தாலும் புரோமயலோசைட்டாகவே தெரிந்திருக்கும். சில செல்களுக்குள் ஊசிபோன்ற குச்சிகள் கட்டுக்கட்டாகக் கிடந்திருக்கும். அனுபவமுள்ள நோயியல் மருத்துவர் அந்தக் காட்சியைக் கண்டதுமே தொலைபேசியை எடுத்துவிடுவார்.

இப்போது நீங்கள் படித்த உயிரியலுக்கு வருவோம். மயலோபிளாஸ்டுக்கும் நியூட்ரோஃபிலுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். தோலுக்கும் ஈரலுக்கும் நரம்புக்கும்கூட அதே டி.என்.ஏ.தான். புரதம் தயாரிக்கச் சொல்லும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000 இருக்கின்றன. எந்தச் செல்லில், எந்த நேரத்தில், எந்த மரபணு படியெடுக்கப்பட வேண்டும் என்பதை வேறு சில புரதங்கள் தீர்மானிக்கின்றன. பாடநூலில் படியெடுத்தல் காரணிகள் என்று படித்திருப்பீர்கள். மனித உடலில் இப்படிப்பட்டவை சுமார் 1,600 வகை உண்டு. அதாவது நம் மரபணுக்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒன்று, மற்ற மரபணுக்களை ஆளுவதற்காகவே இருக்கிறது.

இந்தப் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு பகுதி டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்வது. ஏணிபோல முறுக்கிய டி.என்.ஏ.வைப் பிரித்துத் திறக்காமலேயே, அதன் பள்ளத்தில் வெளியே தெரியும் வேதிக் குழுக்களைத் தொட்டு, எழுத்து வரிசையை அது அடையாளம் காணும். மற்றப் பகுதி உதவிப் புரதங்களை அழைத்துவருவது. வருகிற உதவியாள் யார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த மரபணு திறப்பதும் மூடுவதும் இருக்கிறது. டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோனில் அசிட்டைல் குழுவை ஒட்டும் நொதி வந்தால் சுற்று தளர்ந்து படியெடுப்பு தொடங்கும். அசிட்டைலைப் பிய்த்தெடுக்கும் நொதி வந்தால் சுற்று இறுகி மரபணு மௌனமாகும்.

ஒரு புரதத்துக்கு இவ்வளவு அதிகாரமா என்று தோன்றலாம். 1987-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஹெரால்டு வெயின்ட்ராப் குழுவினர் மயோடி என்ற ஒரே ஒரு காரணியின் மரபணுவை எலியின் இணைப்புத் திசு செல்களுக்குள் புகுத்தினார்கள். அவை தசைச் செல்களாக மாறின. 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா எதிர்த்திசையில் போனார். நான்கு காரணிகளைப் புகுத்தி, முதிர்ந்த எலிச் செல்லை எதுவாகவும் மாறக்கூடிய தொடக்க நிலைக்கே திருப்பினார். 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செல்லின் தொழில் என்பது கல்லில் செதுக்கியதல்ல, அது சில புரதங்களின் பிடியில் இருக்கிறது என்பதை இந்த இரண்டு சோதனைகளும் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டின.

உங்கள் தம்பியின் விஷயத்தில் முக்கியமானது இதற்கு அடுத்த படி. பெருகுவதும் முதிர்வதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் பல இடங்களில் ஒரே புரதம் இரண்டையும் சேர்த்தே கையாளுகிறது. வெள்ளணுக்களில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சி.இ.பி.பி. ஆல்ஃபா. நியூட்ரோஃபிலுக்கு வேண்டிய மரபணுக்களைத் திறந்துவிடுவது இதுதான். அதே சமயம், செல் பிரிவதற்குத் தேவையான மரபணுக்களை இயக்கும் ஈ2எஃப் என்ற இன்னொரு காரணியை அடக்கி வைப்பதும் இதுவே. ஒரு கையால் தொழிலைக் கற்றுக்கொடுத்து, மறு கையால் பெருக்கத்தை நிறுத்துகிறது. இந்தப் புரதம் இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகளில் நியூட்ரோஃபில்களே உருவாகவில்லை. மிக் என்ற காரணி இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது. அது செல்லை வளரவும் பிரியவும் முடுக்கிக்கொண்டே இருக்கும். முதிர்ச்சி தொடங்க வேண்டுமானால் மிக் அடங்க வேண்டும். சிவப்பணு ஆவதா வெள்ளணு ஆவதா என்ற கேள்வியிலும் இப்படி ஓர் இழுபறி உண்டு. காட்டா1 சிவப்பணுப் பக்கம் இழுக்கும், பி.யு.1 வெள்ளணுப் பக்கம் இழுக்கும், ஒன்று மற்றொன்றை நேரடியாகவே தடுக்கும்.

முதிர்ச்சி தடைபட்டால் பெருக்கமும் கட்டுப்பாட்டை இழக்கும் என்பது இதிலிருந்தே விளங்கும். நட்டுவிட வேண்டிய நாள் கடந்தும் நாற்றங்காலிலேயே கிடக்கிற நாற்றுபோல, அந்தச் செல்கள் வயலுக்கும் போகாது, புது விதைப்புக்கும் இடம் தராது.

வைட்டமின் ஏ இதில் எங்கே வருகிறது? நாம் உண்ணும் வைட்டமின் ஏ உடலில் பல வடிவங்கள் எடுக்கிறது. கண் பார்வைக்கு உதவுவது ஒரு வடிவம். ரெட்டினாயிக் அமிலம் என்பது இன்னொன்று. இந்த அமிலம் சென்று சேரும் இடம் ஒரு படியெடுத்தல் காரணி என்பதை 1987-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் பியேர் ஷாம்போன் குழுவும் கலிஃபோர்னியாவில் ரொனால்டு எவன்ஸ் குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. அதன் பெயர் ஆர்.ஏ.ஆர். ஆல்ஃபா. ஆர்.எக்ஸ்.ஆர். என்ற துணையோடு ஜோடியாக டி.என்.ஏ.வில் உட்கார்ந்திருக்கும். அமிலம் இல்லாதபோது மூடும் உதவியாட்களைப் பிடித்துவைத்திருக்கும். அமிலம் வந்து ஒட்டியதும் அதன் வடிவமே சற்று மாறும். மூடுகிறவர்கள் கழன்றுபோவார்கள், திறக்கிறவர்கள் வந்து ஒட்டுவார்கள். முதிர்ச்சிக்கான மரபணுக்கள் வேலை தொடங்கும். ஆரோக்கியமான மஜ்ஜையில் ரத்தத்தில் இயல்பாக இருக்கும் மிகச் சிறிதளவு அமிலமே இதற்குப் போதும்.

உங்கள் தம்பியின் மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. இந்த இடமாற்றத்தை 1977-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி கண்டறிந்தார். 17-ஆம் குரோமோசோமில் உடைந்த இடம் ஆர்.ஏ.ஆர். ஆல்ஃபாவின் மரபணு என்பது 1990-இல் தெரியவந்தது. 15-இல் உடைந்தது பி.எம்.எல். என்ற வேறொரு புரதத்தின் மரபணு. இரண்டும் ஒட்டி, இயற்கையில் இல்லாத ஓர் இரட்டைப் புரதம் உருவாகிவிடுகிறது. அது டி.என்.ஏ.வில் அதே இடங்களில் போய் உட்காருகிறது, ஆனால் மூடும் உதவியாட்களை இறுகப் பற்றிக்கொள்கிறது. வழக்கமான அளவு ரெட்டினாயிக் அமிலம் வந்தாலும் விடுவதில்லை. செல் புரோமயலோசைட் கட்டத்திலேயே நின்றுபோகிறது. அந்தக் கட்டம் பெருகும் கட்டம் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் பெருகிக்கொண்டே போகிறது.

ஈறில் ரத்தம் கசிந்ததற்கும் இப்படிப் பெருகும் செல்களே காரணம். இந்தச் செல்கள் ரத்த உறைவைத் தாறுமாறாகத் தூண்டி உறைவுப் பொருட்களைத் தீர்த்துவிடுகின்றன, உண்டான உறைவையும் கரைத்துவிடுகின்றன. தட்டணுக்களும் குறைந்துபோகின்றன. 1957-இல் நார்வேயின் லைஃப் ஹில்லஸ்டாட் இந்த நோயைத் தனி வகையாக முதன்முதலில் விவரித்தபோது, அவர் எழுதிய மூன்று நோயாளிகளும் சில வாரங்களுக்குள் ரத்தப்போக்கில் இறந்திருந்தார்கள். உங்கள் ஊர் டாக்டர் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே அனுப்பினாரே, அவர் செய்தது பெரிய காரியம். இந்த நோயில் உயிர்கள் அதிகம் போவது முதல் சில நாட்களில்தான்.

ரெட்டினாயிக் அமிலத்தின் அளவை உயர்த்தினால் அந்த இரட்டைப் புரதத்தின் பிடி தளருமா? அமெரிக்காவில் தியோடர் பிரெய்ட்மன் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோதனைக்கூடத்தில் ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து இந்த வகைச் செல்கள் முதிர்வதைக் காட்டியிருந்தார். ஷாங்காயில் வாங் சென்யீ என்ற மருத்துவர் அதை நோயாளிக்குக் கொண்டுவந்தார். 1985-இல் அவருடைய முதல் நோயாளி ஐந்து வயதுச் சிறுமி. கீமோ பலிக்காமல் நிலைமை கைமீறிக்கொண்டிருந்தது. முழு டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தை, அதாவது உங்கள் தம்பி இப்போது விழுங்கும் ‘ஆட்ரா’வை, வாய்வழியாகக் கொடுத்தார். சிறுமிக்கு நோய் தணிந்தது. 1988-இல் வாங் குழுவினர் 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். 24 பேருக்கும் நோய் முழுமையாகத் தணிந்திருந்தது. ஒருவருக்கு மட்டும்தான் கூடவே கீமோ தேவைப்பட்டது. அந்தக் கட்டுரை வந்த நேரத்தில் இந்தப் புற்றுநோயின் மூலப் புரதம் இன்னதென்று யாருக்கும் தெரியாது. மருந்து முதலில் வந்தது, காரணம் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் இது ஒன்று.

பெரியம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆட்ராவின் அளவு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம். நடுத்தர உடம்புள்ள ஆணுக்கு 75 மில்லிகிராமை ஒட்டி வரும், பத்து மில்லிகிராம் மாத்திரைகளாக ஏழோ எட்டோ. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான வைட்டமின் ஏ மொத்தமே சுமார் ஒரு மில்லிகிராம். அதிலும் ரெட்டினாயிக் அமிலமாக மாறுவது சிறு பகுதிதான். அந்த இரட்டைப் புரதத்தின் பிடியைத் தளர்த்த, ரத்தத்தில் இயல்பாக இருப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேலான அமிலம் வேண்டும். கேரட்டிலும் பப்பாளியிலும் கீரையிலும் இருப்பது பீட்டா கரோட்டின். உடல் அதைத் தேவைக்கேற்பத்தான் வைட்டமின் ஏ-யாக மாற்றும், போதும் என்றதும் நிறுத்திக்கொள்ளும். கூடைக்கணக்கில் தின்றாலும் தோல் மஞ்சளாகுமே தவிர அமிலம் அந்த அளவுக்கு ஏறாது.

கடை வைட்டமின் மாத்திரையும் மீன் ஈரல் எண்ணெயும் வேறு கதை. அவற்றில் இருப்பது நேரடியான வைட்டமின் ஏ. அது ஈரலில் சேரும். ஆட்ராவோடு சேர்ந்தால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடி, கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வரலாம். அதனால்தான் கூடவே கூடாது என்றேன். கீரைக் கூட்டும் கேரட் பொரியலும் நன்றாக வேகவைத்துச் சாப்பாடாகக் கொடுங்கள், அதில் தவறில்லை. மருந்தாக நினைத்துக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த எண்ணிக்கை. முதிரத் தொடங்கிய செல்கள் மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்கு வருகின்றன. எண்ணிக்கை ஏறுவது அதனால்தான். வெள்ளணு கூடினால் புற்று கூடுகிறது என்று நாம் பழகிவிட்டோம், இங்கே அந்தக் கணக்கு பொருந்தாது. நோயின் கடுமையை மதிப்பிட மருத்துவர்கள் பார்ப்பது சிகிச்சைக்கு முந்தைய முதல் எண்ணிக்கை. அது 10,000-ஐத் தாண்டியிருந்ததா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போன செல் எப்படித் திருந்தும் என்று கேட்டீர்கள். முதிர்ந்து வந்த நியூட்ரோஃபில்களின் குரோமோசோமை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மடல் மடலாக உட்கரு பிரிந்த, பார்வைக்கு நல்ல செல் ஒன்றுக்குள் அதே 15, 17 இடமாற்றம் இருந்தது. சிலவற்றில் அந்த ஊசிக் குச்சிகள்கூடக் கரையாமல் கிடந்தன. புற்று செல்தான் நியூட்ரோஃபிலாக வளர்ந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அந்தச் செல்லின் டி.என்.ஏ. திருந்தவில்லை. உடைந்து ஒட்டியது ஒட்டியபடியேதான் இருக்கிறது. மரபணுக்களை மூடிவைத்த பிடி மட்டும் விலகியது. பிடி விலகிய செல் தன் கட்டங்களை முடித்து, எல்லா நியூட்ரோஃபிலையும்போல் தன் நாள் வந்ததும் மடிந்துபோகிறது.

ஆனால் இந்த முதிர்ச்சிப் பருவத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரே நேரத்தில் ஏராளமான செல்கள் முதிர்ந்து நுரையீரலிலும் பிற உறுப்புகளிலும் நுழைந்து அழற்சியை உண்டாக்கலாம். காய்ச்சல், மூச்சுத் திணறல், திடீரென எடை கூடுதல், கால் வீக்கம் ஆகியவை அறிகுறிகள். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை உடனே தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. தம்பிக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் நடு இரவானாலும் செவிலியரை எழுப்புங்கள், தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம். தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். தலைவலிக்கோ உடம்புவலிக்கோ ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவற்றை நீங்களாகக் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவு கூடும்.

மாமாவின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆர்சனிக் டிரையாக்சைடு என்பது சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் அதே பொருள்தான். சீனாவின் ஹார்பின் நகரில் 1970-களில் சாங் திங்டோங் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு நாட்டு மருந்துக் கலவையிலிருந்து இதைப் பிரித்தறிந்து, ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற வகைகளைவிட இந்த வகைக்கு அது வியக்கத்தக்க வகையில் பலித்தது. ஏன் என்று பின்னால் தெரிந்தது. ஆட்ரா அந்த இரட்டைப் புரதத்தின் ஆர்.ஏ.ஆர். முனையில் ஒட்டுகிறது. ஆர்சனிக் மறுமுனையான பி.எம்.எல்.-ஐப் பிடிக்கிறது. ஆர்சனிக் ஒட்டியதும் செல் அந்தப் புரதத்துக்குக் கழிவு முத்திரை குத்தித் தானே சிதைத்துவிடுகிறது. ஆட்ராவும் தன் முனையிலிருந்து சிதைவைத் தூண்டுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். முதிரவைப்பது மட்டுமே முழுக் குணம் தருவதில்லை. ஆட்ராவை மட்டும் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பியது. பாரிஸில் ஹியூஸ் த தே குழுவினர் காட்டியது இன்னும் கூர்மையானது. அந்தப் புரதத்தைச் சிதைக்காமல் முதிர்ச்சியை மட்டும் தூண்டும் மருந்துகளைக் கொடுத்தபோது செல்கள் முதிர்ந்தன, ஆனால் நோயின் வேர் போகவில்லை. புரதமே அழிய வேண்டும், அப்போதுதான் புதிதாகப் புற்று செல்களை ஈனும் மூலச் செல்களும் தீர்ந்துபோகும். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான்.

நம் வேலூருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 1998-இலிருந்து ஆர்சனிக் டிரையாக்சைடை மட்டுமே கொண்டு புதிய நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, 72 பேரின் விவரத்தை 2006-இல் வெளியிட்டார்கள். 62 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. செலவு மிகுந்த கீமோவும் அதன் பின்விளைவுகளும் இல்லாமல் இது முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய முக்கியமான ஆய்வுகளில் அது ஒன்று. பிறகு 2013-இல் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ லோ கோக்கோ குழுவினர், முதல் வெள்ளணு எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டாதவர்களுக்கு ஆட்ராவும் ஆர்சனிக்கும் சேர்த்துக் கொடுத்ததில் இரண்டு ஆண்டு முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல், வேறு பின்னடைவும் இல்லாமல் இருந்தார்கள். ஆட்ராவோடு கீமோ வாங்கியவர்களில் அது 86 சதவீதம்.

ஆர்சனிக் விஷமில்லை என்று மாமாவிடம் சொல்லாதீர்கள். விஷம்தான். உடல் எடையில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்று அளந்து, இதயத் துடிப்பின் வரைபடத்தையும் ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் அளவையும் பார்த்துப் பார்த்துக் கொடுப்பதால்தான் அது மருந்தாகிறது. அதே காரணத்துக்காக, பாஷாணம் சேர்ந்த சூரணமோ செந்தூரமோ யார் கொடுத்தாலும் இந்தச் சமயத்தில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எவ்வளவு ஆர்சனிக் உள்ளே போகிறது என்ற கணக்கே குழம்பிவிடும்.

குழந்தையைப் பற்றிய கவலையை விடுங்கள். இந்தக் குரோமோசோம் உடைவு உங்கள் தம்பி வளர்ந்து ஆளான பிறகு, மஜ்ஜையின் ஒரு செல்லில் நேர்ந்தது. விந்தணுவில் அது கிடையாது. உங்களுக்கோ மற்ற உடன்பிறந்தவர்களுக்கோ வரும் என்று பரிசோதிக்கவும் தேவையில்லை. ஆனால் ஒன்றில் மிகக் கவனமாக இருங்கள். ஆட்ரா மாத்திரை எந்தக் காரணத்துக்காகவும் அவர் மனைவியின் வாய்க்குள் போய்விடக் கூடாது. கருவில் தலை எது, முதுகுத்தண்டின் எந்தப் பகுதி எங்கே என்று வகுப்பதிலும் இதே ரெட்டினாயிக் அமிலமும் இதே வகைக் காரணிப் புரதங்களும் வேலை செய்கின்றன. அளவு மீறினால் சிசுவின் இதயமும் முகமும் மூளையும் கோணலாக உருவாகக்கூடும். வீட்டுக்கு மாத்திரை வந்ததும் தனி டப்பாவில், பெயர் எழுதி, மனைவியின் மாத்திரைகளோடு கலக்காமல் வையுங்கள்.

உறவில் வேறு யாருக்காவது வேறு வகை ரத்தப் புற்றுநோய் இருந்து, அவர்களுக்கும் ஆட்ரா கேட்கலாமா என்று விசாரித்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இரட்டைப் புரதம் இல்லாத இடத்தில் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வேறு சில வகைகளில் முதிர்ச்சியைத் தடுக்கும் வேறு கோளாறுகளைக் குறிவைத்து மருந்துகள் வந்திருக்கின்றன, மெனின் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஏ.பி.எல்.-இல் கண்ட அளவு வெற்றி இன்னும் மற்றவற்றில் கிட்டவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்னும் நான்கைந்து வாரத்தில் தம்பியின் எண்ணிக்கைகள் சீராகி, பார்ப்பவர்கள் நோயாளி என்றே நம்ப மாட்டார்கள். குடும்பங்கள் சிகிச்சையைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஏழெட்டு மாதங்கள் ஆர்சனிக்கும் ஆட்ராவும் விட்டுவிட்டுக் கொடுப்பார்கள். அந்த இரட்டைப் புரதத்தின் மரபணுச் செய்தி ரத்தத்திலும் மஜ்ஜையிலும் ஒரு துளியும் இல்லை என்று பி.சி.ஆர். பரிசோதனை சொல்லும்வரை சிகிச்சை முடிந்ததாகாது. பட்டறை முதலாளியிடம் இப்போதே பேசி விடுப்பு வாங்கிவையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த வாரமே விசாரியுங்கள். மருந்துத் தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி, ஒன்றையும் தவறவிடாமல் தம்பியை அழைத்துப் போங்கள்.